வீட்டுக்கடனோடு வரும் பாலிசி யாரைக் காப்பாற்றுகிறது?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே முதல் வீடு வாங்குகிறவர்களுடையவை. கடனும் காப்பீடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டுக்கடன் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடப் போன இடத்தில், கடனுக்கு ஓர் ஆயுள் காப்பீடும் எடுக்க வேண்டும் என்றார்கள். 'பிரீமியத்தைக் கையிலிருந்து தர வேண்டாம், கடனோடு சேர்த்துவிடுகிறோம்' என்றார்கள். வசதியாகத்தான் தெரிகிறது. எடுக்கலாமா?

பதில்: அந்த வசதி எவ்வளவுக்கு வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் கடைசியில் ஏறத்தாழ 216 கட்டியிருப்பீர்கள். பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால் அதற்கும் இதே கணக்குதான். ஒரே தடவையில் கட்டித் தீர்த்திருக்கக்கூடிய தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

அடுத்தது, பாலிசி எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். கடன் 20 ஆண்டு, பாலிசி ஐந்தே ஆண்டு என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் நெருங்கிய உறவினர் ஒருவர் கடன் வாங்கிய ஏழாம் ஆண்டில் இறந்துபோனார். அவர் மனைவியோடு உட்கார்ந்து கோப்பைப் புரட்டினேன். கடன் ஒப்பந்தத்தின் பின்னால் பாலிசிச் சான்றிதழைப் பின் அடித்துச் சேர்த்திருந்தார்கள். பின்னின் துரு காகிதத்தில் பழுப்பாக இறங்கியிருந்தது. முதல் பக்கத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் 'கடனுக்குக் காப்பீடு உண்டு' என்று எழுதிவைத்திருந்தார். மனைவிக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று எழுதியது. பாலிசி முடியும் தேதி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அது கடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி அந்தத் தேதியை விரலால் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். முடிந்துபோன பாலிசியின் பிரீமியத்துக்கு வட்டி மட்டும் மாதத் தவணையில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. நான் இவ்வளவு வற்புறுத்தி எழுதுவதற்கு அந்தப் பிற்பகல்தான் காரணம்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. பணம் யார் கைக்குப் போகும்? கடனோடு ஒட்டித் தரும் பாலிசிகளில் பெரும்பாலானவை, கடன் குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறைந்துகொண்டே வரும் வகை. கிளைம் வந்தால் கடன் கொடுத்தவருடைய பாக்கிக்குத்தான் பணம் முதலில் போகும். வீடு தப்பும்; வீட்டுச் செலவுக்கு ஒன்றும் வராது. இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. காப்பீடு குறைவது முதல் நாள் போட்ட அட்டவணைப்படி. வட்டி ஏறி, பாக்கி அந்த அட்டவணைப்படி குறையாமல் நின்றால், வித்தியாசத்தைக் குடும்பம்தான் கட்ட வேண்டும்.

'இது கட்டாயம்' என்று சொன்னால், கட்டாயம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் கட்டாயமாக இருந்த பல விஷயங்கள் காகிதத்துக்கு வரும்போது விருப்பமாகிவிடும். கட்டடத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அடமானமே அதுதான். ஆனால் ஆயுள் காப்பீட்டை அவர்கள் கைகாட்டும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பிரிட்டனில் கடன்களோடு சேர்த்து விற்கப்பட்ட தவணைப் பாதுகாப்புக் காப்பீடு (வேலை போனாலோ நோயில் விழுந்தாலோ தவணையைக் கட்டும் என்று விற்றது) என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். கிளைம் செய்யவே தகுதி இல்லாதவர்களுக்கும் அதை விற்றிருந்தார்கள். புகார் கொடுக்க 2019 ஆகஸ்ட் 29-ஐக் கடைசி நாளாக வைத்தார்கள். வாடிக்கையாளர்களுக்குத் திரும்பிய தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது.

ஒருவருக்கு மட்டும் இந்த பாலிசியை எடுக்கச் சொல்வேன். உடல்நிலை காரணமாகத் தனி டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, கிடைக்காதவர். கடனோடு வரும் குழுக் காப்பீட்டில் மருத்துவக் கேள்விகள் சில சமயம் குறைவாக இருக்கும். அவரும் பிரீமியத்தைக் கையிலிருந்து கட்டிவிடுவது நல்லது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டாம்: பாலிசி கைக்கு வந்த சில நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. எத்தனை நாள் என்பது பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தனியாக டேர்ம் பாலிசி எடுக்கப் போகிறேன். கடன் அளவுக்கு எடுத்தால் போதுமா? நானும் மனைவியும் சம்பாதிக்கிறோம், கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது.

பதில்: போதாது. கடன் தீர்ந்தால் வீடு நிற்கும். அந்த வீட்டுக்குள் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். கடன் பாக்கியோடு, உங்கள் வருமானம் இல்லாமல் குடும்பம் சில ஆண்டுகள் தடுமாறாமல் நடக்க எவ்வளவு தேவையோ அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை கடைசிவரை குறையாத வகையாகவும், காலம் கடனைவிடச் சற்று நீண்டதாகவும் இருக்கட்டும்.

கடன் இருவர் பெயரில் என்றால் ஆளுக்குப் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் இல்லாமல் போனால் மற்றவரிடம் முழுப் பாக்கியையும் கேட்பார்கள். ஆகவே இருவருக்கும் தனித்தனி பாலிசி வேண்டும். இருவரையும் ஒரே பாலிசியில் சேர்த்தால், பெரும்பாலும் முதல் இறப்போடு பணத்தைக் கொடுத்துவிட்டு பாலிசி முடிந்துவிடும். மிஞ்சியவர் அந்த வயதில் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், பழைய அறுவைச் சிகிச்சை எல்லாவற்றையும் எழுதுங்கள். 'அதெல்லாம் எதற்கு, பிரீமியம் ஏறிவிடும்' என்று ஏஜென்ட் சொன்னாலும் எழுதுங்கள். மறைத்ததைக் காரணம் காட்டிக் கிளைமை மறுத்தால், அங்கே நின்று பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் மனைவிதான் நிற்பார்.

மருத்துவப் பரிசோதனைக்கும் ஒப்புதலுக்கும் நாளாகும். வீட்டைப் பார்க்கத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். டேர்ம் பாலிசி கையில் இருந்தால், கையெழுத்து நாளில் மேசைக்கு எதிரே இருப்பவர் நீட்டும் காகிதத்தை நிதானமாக மறுக்கலாம்.

கேள்வி: வாங்கிய விலைக்கே வீட்டைக் காப்பீடு செய்யச் சொல்கிறார் ஏஜென்ட். கடன் தொகைக்குச் செய்தால் போதும் என்கிறார்கள் கடன் கொடுத்தவர்கள். எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. வாங்கிய விலையில் மனையின் விலையும் அடக்கம். தீப்பிடித்தால் சுவரும் கூரையும் போகும், மனை அங்கேயே இருக்கும். அதற்கும் சேர்த்து பிரீமியம் கட்டுவது வீண். கடன் தொகைக்கு மட்டும் செய்தால், கடன் கொடுத்தவர் தன் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டதோடு சரி. நீங்கள் போட்ட முன்பணம் வெட்டவெளியில் நிற்கிறது. இன்றைய கூலிக்கும் பொருள் விலைக்கும் அதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ, அதுதான் சரியான தொகை. இடிபாடுகளை அகற்றும் செலவையும் பொறியாளர் கட்டணத்தையும் மறக்காமல் சேருங்கள்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரிவதில்லை. திரும்பக் கட்ட 100 ஆகும் வீட்டுக்கு 60-க்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள். சமையலறை எரிந்து 20 நஷ்டம். காப்பீடு 60 இருக்கிறதே, 20 முழுதாக வந்துவிடும் என்று காத்திருப்பீர்கள். பல பாலிசிகளில் விகிதக் கழிவு என்ற விதி உண்டு. நீங்கள் காத்தது வீட்டின் 60 விழுக்காட்டைத்தான் என்பதால், நஷ்டத்திலும் 60 விழுக்காடே கிடைக்கும். கைக்கு வருவது 12. கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே இருப்பதால், முதல் ஆண்டு சரியாக இருந்த தொகைகூட ஐந்தாம் ஆண்டில் குறைந்த தொகையாகிவிடும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்குப் போடுங்கள்.

விலக்குகள் என்ற பக்கத்தைப் படிக்காமல் எடுக்காதீர்கள். வெள்ளமும் நிலநடுக்கமும் சில பாலிசிகளில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். குழாய் திடீரென்று வெடித்தால் இழப்பீடு உண்டு. மாதக்கணக்காகக் கசிந்து சுவர் ஊறிப்போனால் பெரும்பாலும் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், முழுக் கட்டடத்துக்கும் சங்கம் எடுத்த பாலிசி இருக்கிறதா, அது உங்கள் வீட்டின் உட்பகுதியையும் சேர்க்கிறதா என்று கேட்டு, நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொருட்களுக்குத் தனிக் காப்பீடு. குடிபோன வாரத்தில் கைபேசியில் ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்து வைத்துப் படமெடுங்கள். படங்களின் நகல் வீட்டுக்கு வெளியே எங்காவது இருக்க வேண்டும்.

கேள்வி: மாறும் வட்டி இப்போது குறைவாக இருக்கிறது, நிலையான வட்டி சற்று அதிகம். எதை எடுப்பது?

பதில்: உங்கள் சம்பளத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 9 விழுக்காடு, 20 ஆண்டு. முதல் தவணையில் நீங்கள் கட்டும் ஒவ்வொரு 100-லும் 83 வட்டிக்கே போய்விடும். பத்தாண்டு கட்டி முடித்த நாளில் அசலில் 71 விழுக்காடு அப்படியே நிற்கும். பாதி அசல் தீரவே 14 ஆண்டு ஆகிறது. பாதி காலம் ஓடினால் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் பலர் திட்டம் போடுகிறார்கள்.

தொடக்கத்திலேயே வட்டி 10 விழுக்காடு ஆகிவிட்டது, ஆனால் தவணைத் தொகையை உயர்த்தாமல் விட்டார்கள் என்று வையுங்கள். 20 ஆண்டுக் கடன் 26 ஆண்டுக்கு நீண்டுவிடும். 10.8 விழுக்காட்டைத் தொட்டால், நீங்கள் கட்டும் தவணை வட்டிக்கே பற்றாது. மாதா மாதம் கட்டியும் பாக்கி ஏறும். தவணை மாறவில்லை என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மாறும் வட்டி எடுத்தால், வட்டி மாறும் ஒவ்வொரு முறையும் மீதி எத்தனை தவணை என்று எழுதிக் கேளுங்கள். முடிந்தால் காலத்தை நீட்டாமல் தவணையை உயர்த்தச் சொல்லுங்கள்.

இரண்டு விழுக்காடு ஏறினாலும் தவணை கட்ட முடியும் என்றால் மாறும் வட்டி எடுக்கலாம். அந்த ஏற்றம் உங்கள் வீட்டை உலுக்கிவிடும் என்றால், நிலையான வட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் ஒரு வகைக் காப்பீடுதான். நிலையானது என்பது எத்தனை ஆண்டுக்கு, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வீடு வாங்கும் என் மகளிடம் அடமானக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். அவளுக்கு ஏதாவது ஆனால் அது கடனைத் தீர்க்குமா?

பதில்: தீர்க்காது. முன்பணம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்போது அங்கே வழக்கமாகக் கேட்கும் காப்பீடு அது. பிரீமியம் கட்டுவது உங்கள் மகள், பாதுகாப்பு கடன் கொடுத்தவருக்கு. ஆனால் அது என்றைக்கும் தொடர வேண்டியதில்லை. தனியார் காப்பீடாக இருந்தால், 1998-ல் வந்த சட்டப்படி, பாக்கி வீட்டின் தொடக்க மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும்போது நீக்கும்படி எழுதிக் கேட்கலாம். தவணைகளை ஒழுங்காகக் கட்டி வந்தால், அட்டவணைப்படி 78 விழுக்காட்டைத் தொடும்போது அவர்களாகவே நீக்க வேண்டும். 80 எந்த மாதம் வரும் என்று இப்போதே பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஆயுள் காப்பீட்டை அவர் தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் போக ஆண்டுக்கு ஒரு தவணை அளவுக்குப் பணம் மிஞ்சும். அதை அசலில் கட்டலாமா, சேமிப்பில் வைக்கலாமா?

பதில்: ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் கையில் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை போன மாதத்தில், அசலில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அது சேர்ந்தபின் தயங்காமல் அசலில் கட்டுங்கள். 9 விழுக்காட்டில், ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் 20 ஆண்டுக் கடன் பதினாறரை ஆண்டில் முடிந்துவிடும்.

கட்டும்போது, இது அசலுக்கு, தவணைக் காலத்தைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துவிடலாம். அடுத்த மாத அறிக்கை வந்ததும், மீதித் தவணைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் அந்த ஒப்புகையோடு அன்றே நேரில் போய்க் கேளுங்கள்.