எர்சாட்ஸ்: மாற்றா, போலியா?

ஆங்கிலத் தலையங்கம் ஒன்றில் ‘எர்சாட்ஸ் (ersatz) டெமாக்ரசி’ என்று படித்தேன். அகராதியில் ‘மாற்று’ என்று போட்டிருக்கிறது. மாற்று ஜனநாயகம் என்று மொழிபெயர்க்கலாமா?

கூடாது, பொருள் தலைகீழாகிவிடும். மாற்று ஜனநாயகம் என்றால் வேறொரு வகை, ஒருவேளை இதைவிட மேலானது என்றுகூடத் தோன்றும். ஜெர்மனிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள், அசலின் இடத்தில் வந்து உட்கார்ந்த, அசலைவிடத் தரம் குறைந்த பொருள். தேர்தல் நடக்கும், சட்டமன்றம் கூடும், ஆனால் அதிகாரம் மக்கள் கையில் இருக்காது என்பதைத்தான் அந்தத் தலையங்கம் சொல்கிறது. ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்கிறோமே, அந்த இலுப்பைப் பூதான் எர்சாட்ஸ்.

ஜெர்மனிலும் இது மட்டமான சொல்தானா?

இல்லவே இல்லை. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பதைக் குறிக்கும் ‘எர்செட்சன்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. எர்சாட்ஸ்டைல் என்றால் உதிரிபாகம், கம்பெனியின் அசல் பாகமும் அதில் அடங்கும். ஷாடன்எர்சாட்ஸ் என்பது நஷ்டஈடு. தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விட்டால், அதற்கான பெயரிலும் இதே எர்சாட்ஸ் உண்டு.

மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்கும் இடமும் இதுதான். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஷ்டாஃபன்பெர்க், ‘எர்சாட்ஸ்ஹேர்’ படைத் தளபதியின் அலுவலர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அது போலிப்படை அல்ல. போர்முனையில் இழந்த ஆட்களுக்குப் பதிலாகப் புது வீரர்களைப் பயிற்றுவித்து அனுப்பிய உள்நாட்டுப் படை.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் இந்தக் கறை எப்படிப் படிந்தது?

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் கடல்வழியை அடைத்தது. காபிக்கொட்டை வரவில்லை. பார்லி, சிக்கரி வேர், ஓக் மரத்துக் கொட்டை இவற்றைக் கருக வறுத்து, பொடித்து, கொதிக்கவைத்துக் குடித்தார்கள். வறுபடும்போது மாவுச்சத்தும் சர்க்கரையும் கருகுவதால் நிறமும் கசப்பும் காபி மாதிரியே வந்துவிடும். ஓக் கொட்டையில் டானின் அதிகம். முதலில் நீரில் ஊறவைத்து அதை இறக்காவிட்டால் நாக்கு துவர்த்து இழுக்கும். இத்தனை பாடுபட்டும் அதில் காஃபீன் கிடையாது. குடித்தால் தூக்கம் கலையாது. கண்ணுக்குக் காபி, உடம்புக்கு இல்லை என்ற ஏமாற்றம் அங்கேதான். ரொட்டி மாவிலும் உருளைக்கிழங்கைக் கலந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் முகாம்களில் இருந்த நேசநாட்டுக் கைதிகளுக்கும் இப்படிப்பட்ட காபிதான் கிடைத்தது. இந்தப் போர்க்கால அனுபவத்தோடுதான் ‘மட்டமான பதிலி’ என்ற பொருள் ஆங்கிலத்தில் ஊன்றியது.

அப்படிப் பார்த்தால் நம் ஃபில்டர் காபியில் சிக்கரி கலப்பதும் எர்சாட்ஸ்தானே?

அல்ல. டிகாக்ஷன் கெட்டியாக இறங்கவும் அந்தச் சுவை பிடித்திருப்பதாலும் விரும்பிச் சேர்க்கிறோம். இந்திய விதிப்படி சிக்கரி கலந்த காபித்தூளில் 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும். காபியே இல்லாமல் சிக்கரியை மட்டும் கொதிக்கவைத்து ‘காபி’ என்று கொடுத்தால்தான் எர்சாட்ஸ்.

கள்ள நோட்டை எர்சாட்ஸ் என்று சொல்லலாமா?

வேண்டாம். அதற்கு ‘கவுன்டர்ஃபீட்’ இருக்கிறது. கள்ள நோட்டு ஆளை ஏமாற்ற அடித்தது. எர்சாட்ஸ் காபியைக் குடிப்பவருக்கு அது காபி இல்லை என்று பெரும்பாலும் தெரியும். விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வருபவர் ‘சப்ஸ்டிட்யூட்’, அவரை எர்சாட்ஸ் டீச்சர் என்றால் அவமானப்படுத்துவதாகும். அசலுக்கு ஈடாக வேலை செய்வதற்கும் இந்தச் சொல் பொருந்தாது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய சிலி நாட்டு வெடியுப்புக்குப் பதிலாக, 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் தொடங்கிய செயற்கை அம்மோனியா கைகொடுத்தது. ஜெர்மன்காரர் அதைத் தயங்காமல் எர்சாட்ஸ் என்பார். ஆங்கிலத்தில் ‘சிந்தெடிக்’தான் சரி.

எழுதும்போதும் சொல்லும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

ஜெர்மனில் பெயர்ச்சொல் என்பதால் முதல் எழுத்து பெரியது. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தே போதும், சாய்வெழுத்தும் தேவையில்லை. பெரும்பாலும் பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்: எர்சாட்ஸ் லெதர், எர்சாட்ஸ் சாக்லேட். உச்சரிப்பில்தான் பலர் தடுமாறுவார்கள். நடுவில் இருக்கும் ‘எஸ்’ எழுத்துக்கு ‘ஜூ’ என்ற மிருகக்காட்சிசாலைச் சொல்லின் முதல் ஒலி. கடைசியில் இருக்கும் ‘இசட்’ எழுத்துக்கோ ‘ட்ஸ்’ ஒலி. ஜெர்மனில் அழுத்தம் இரண்டாம் அசையில், ஆங்கிலத்தில் முதல் அசையில் அழுத்திச் சொல்வாரும் உண்டு.