மின்சாரம் வந்தும் திறக்காத டிஸ்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் கணக்குகள் எல்லாம் உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு கணினியில் இருக்கின்றன. அதில் இரண்டு டிஸ்க். இரண்டையும் லக்ஸ் என்ற லினக்ஸ் முறையில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம் போய் வந்தால் கணினி கடவுச்சொல் கேட்டு நின்றுவிடுகிறது, அதுவும் இரண்டு முறை. நான் வெளியூரில் இருந்தால் அன்று அலுவலகத்தில் வேலை ஓடுவதில்லை. கணினி எழும்போதே டிஸ்க்கும் தானாகத் திறக்க வழி உண்டா? அதற்கு டிபிஎம் சில்லு (டிஸ்க்கின் சாவியைக் காத்து வைக்கும் சில்லு) உள்ள புது மதர்போர்டு வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: மதர்போர்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். 2018க்குப் பிறகு விற்ற பெரும்பாலான கணினிகளில் தனிச் சில்லு இல்லாமலே டிபிஎம் 2.0 வசதி இருக்கிறது. இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் இருக்கும். பல கணினிகளில் அதை இயக்கிவிட்டாலே போதும். பழைய மதர்போர்டாக இருந்து, தனியாக விற்கும் டிபிஎம் அட்டையை வாங்க நினைத்தால், மதர்போர்டில் அதற்கான இடத்தில் எத்தனை ஊசிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். பொருந்தாத அட்டையைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு டிபிஎம் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். யாரிடமிருந்து கணக்குகளைக் காக்க நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பழுதான டிஸ்க்கை மாற்றக் கொடுக்கும்போது யாரும் படிக்கக் கூடாது என்பது ஒரு கவலை. இரவில் பூட்டை உடைத்து வருபவன் கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பது வேறு கவலை. முதல் கவலைக்கு டிபிஎம் போதும்: டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அது திறக்காது. இரண்டாவதற்குப் போதாது. திருடியவன் வீட்டில் மின்சாரம் கொடுத்ததும் கணினி தானாகவே டிஸ்க்கைத் திறந்துகொண்டு எழும். அதன்பின் உங்கள் கணக்குகளுக்கும் அவனுக்கும் நடுவே நிற்பது லாகின் கடவுச்சொல் ஒன்றுதான்.

இரண்டு முறை கடவுச்சொல் கேட்பதை இன்றே நிறுத்திவிடலாம். செலவே இல்லை. இரண்டாவது டிஸ்க்குக்கு ஒரு சாவிக் கோப்பை உருவாக்கி, அதை முதல் டிஸ்க்குக்குள்ளேயே வைத்து, ரூட் பயனர் (கணினி நிர்வாகி) மட்டும் படிக்கும்படி அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு, எழும்போது எந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் கிரிப்ட்டாப் என்ற கோப்பில் ஒரு வரி: திறந்த டிஸ்க்குக்கு வைக்கும் பெயர், டிஸ்க்கின் யுயுஐடி எண் (அதற்கே உரிய அடையாள எண்), சாவிக் கோப்பு இருக்கும் இடம், கடைசியாக விருப்பங்கள். முதல் டிஸ்க்கின் கடவுச்சொல்லைத் தட்டியதும் இரண்டாவது தானாகத் திறக்கும். முதல் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால்தான் இது பாதுகாப்பு. அது மறையாக்கம் செய்யாத டிஸ்க்காக இருந்தால், வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். அப்படி அமைத்துக் கொடுத்துவிட்டு ‘என்கிரிப்ட் செய்துவிட்டோம்’ என்று பில் போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் அது பெரிய தவறு.

அந்த வரியில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரால் குறிக்காதீர்கள். ஒரு பென்டிரைவ் செருகியிருந்தாலே அந்தப் பெயர்கள் இடம் மாறலாம். யுயுஐடி மாறாது. இன்னொன்று, விருப்பங்களில் ‘நோஃபெயில்’ என்ற சொல்; இந்த டிஸ்க் கிடைக்காவிட்டாலும் நிற்காமல் மேலே போ என்று பொருள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருக்காக இதே வேலையைச் செய்தபோது நான் அதை எழுதத் தவறிவிட்டேன். மாதக் கடைசியில் அவருடைய டேட்டா டிஸ்க்கின் கேபிள் தளர்ந்துபோயிற்று. கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓட, பக்கத்தில் 1 நிமிடம் 30 விநாடி எண்ணி முடித்து, கணினி அவசர நிலைக்குள் போய் நின்றுவிட்டது. டேட்டா டிஸ்க் இல்லாவிட்டாலும் மற்ற வேலைகள் நடந்திருக்கும். அந்த ஒரு சொல் இல்லாததால் ஒரு நாள் முழுதும் போனது. கிரிப்ட்டாப், டிஸ்க்குகளை இணைக்கும் எஃப்எஸ்டாப் கோப்பு இரண்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் ஊரில் இல்லாதபோது முதல் டிஸ்க்கைத் திறப்பது. உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்வது க்ளெவிஸ், டாங் என்ற இரட்டை நிரல்கள். இரண்டும் இலவசம், உபுண்டுவிலேயே கிடைக்கும். டாங் நிரலை ராஸ்பெரி பை போன்ற ஒரு சின்னக் கணினியில் போட்டு, அலுவலகத்திலேயே வேறோர் அறையில், பரண் மேலோ பூட்டிய அலமாரியிலோ வைத்துவிடுங்கள். பெரிய கணினி எழும்போது கம்பி இணைப்பு வழியாக அதைத் தேடும். பதில் கிடைத்தால் டிஸ்க் திறக்கும். டிஸ்க்கின் சாவி டாங்கிடம் இருப்பதும் இல்லை, அதற்குத் தெரிவதும் இல்லை. சாவியை மீட்கத் தேவையான கணக்கில் ஒரு பாதியை மட்டும் அது போட்டுக் கொடுக்கிறது. கணினியைத் தூக்கிப்போனவன் வீட்டில் அந்தப் பதில் கிடைக்காது. டிஸ்க் பூட்டியே கிடக்கும். உங்கள் இரண்டு கவலைகளும் இதில் தீரும். ராஸ்பெரி பையைக் கணினி மேசையிலேயே வைத்துவிட்டால் மட்டும் திருடன் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவான்.

இதையெல்லாம் செய்தாலும் பழைய கடவுச்சொல்லை அழிக்கக் கூடாது. லக்ஸ் 2 முறையில் ஒரு டிஸ்க்குக்கு 32 சாவிகள் வரை வைக்கலாம், பழைய லக்ஸ் 1 என்றால் 8. ஒன்று உங்களுக்கு, ஒன்று பங்குதாரருக்கு, ஒன்று க்ளெவிஸுக்கு. அத்துடன் சாவி விவரங்கள் இருக்கும் டிஸ்க்கின் தலைப்பகுதியைப் பென்டிரைவில் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். லக்ஸ் 2 வழக்கமாக எடுத்துக்கொள்வது டிஸ்க்கின் முதல் 16 எம்பி. அந்தச் சிறு பகுதி கெட்டால், சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் மிச்சமுள்ள டெராபைட்டுகளில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது.

மதர்போர்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்கள். கணினி, நெட்வொர்க் சுவிட்ச், ராஸ்பெரி பை மூன்றையும் அதில் மாட்டுங்கள். திடீரென்று மின்சாரம் போவது டிஸ்க்குக்கும் நல்லதல்ல.

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஆறு மாதம் முன் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினோம். கடையிலேயே எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். போன வாரம் பயாஸ் அப்டேட் ஆன பிறகு நீலத்திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. நாங்கள் எந்தப் பூட்டும் போடவில்லை. அவளுடைய புராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கிறது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதல் முறை உள்ளே நுழைந்தாலே டிஸ்க் மறையாக்கம் பெறுகிறது; ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கல்ல. பல நிறுவனங்களின் லேப்டாப்புகளில் அதற்கு முன்பே இப்படித்தான். தினமும் டிபிஎம் சத்தமில்லாமல் டிஸ்க்கைத் திறந்துகொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. பயாஸ் மாறியதும் இது அதே கணினிதானா என்ற ஐயம் வந்து, அது சாவியைத் தர மறுக்கிறது. வேறு அப்டேட்டுகளாலும் இப்படி நடக்கும். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின் பல கணினிகள் இதே நீலத்திரையில் நின்றன.

அந்த 48 இலக்கம் முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் நுழைந்தது யார் என்பதுதான் இப்போது கேள்வி. ‘எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் தம் கணக்கிலோ, அப்போதைக்கு உருவாக்கிய ஒரு கணக்கிலோ நுழைந்திருந்தால் உங்கள் மகளின் சாவி அங்கேதான் இருக்கிறது. நீலத்திரையில் சாவி அடையாள எண் என்று ஒன்று தெரியும். அதன் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள், திரையைப் படமும் எடுங்கள். முதலில் மகளின் கணக்கிலும் உங்கள் கணக்கிலும் தேடுங்கள். இல்லையென்றால் பில்லுடன் கடைக்குப் போய், அங்குள்ள கணக்கைத் திறந்து அந்த 8 எழுத்துகளுக்கு நேரே இருக்கும் எண்ணைக் கேளுங்கள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளில் இருக்கும்.

அங்கும் இல்லையென்றால் தரவு போனதுதான். உங்களுக்கு இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே திரும்ப உருவாக்கித் தர முடியாது. உடைத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் கொடுத்து அந்தப் பணத்தையும் இழக்காதீர்கள். கடைக்காரர் ஒத்துழைக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

புது லேப்டாப் வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: பெட்டியைக் கடையில் பிரித்துப் பார்க்கலாம், கணக்கு அமைப்பது உங்கள் கையால், உங்கள் மின்னஞ்சலில் நடக்கட்டும். அன்று மாலையே அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் சேர்த்து வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ‘ஹார்டுவேர் என்கிரிப்ஷன்’ என்று அட்டையில் போட்ட எஸ்எஸ்டிக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குரூஷியல், சாம்சங் ஆகியவற்றின் சில எஸ்எஸ்டிகளில் இந்த மறையாக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமலே தாண்ட முடியும் என்று காட்டினார்கள். தானே மறையாக்கம் செய்வதாக எஸ்எஸ்டி சொல்வதை பிட்லாக்கர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றி, புதிதாகப் பூட்டும் டிஸ்க்குகளை மென்பொருளாலேயே மறையாக்கம் செய்யத் தொடங்கியது. லக்ஸ் வழக்கமாகச் செய்வதும் அதைத்தான். இன்றைய பிராசசர்களில் இதற்கென்றே ஏஇஎஸ் (ஒரு மறையாக்க முறை) கட்டளைகள் இருப்பதால் அலுவலக வேலையில் வேகக் குறைவு தெரியாது. ராஸ்பெரி பை 4இல் அந்தக் கட்டளைகள் இல்லை, பை 5இல் உண்டு; சின்னக் கணினியிலேயே டிஸ்க்கைப் பூட்ட நினைப்பவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம்.

கூடுதல் விலை கொடுப்பதென்றால் உத்தரவாத ஆண்டுகளுக்குக் கொடுங்கள். உத்தரவாதத்தில் மாற்றக் கொடுக்கும் டிஸ்க் பெரும்பாலும் உங்களிடம் திரும்பி வராது. செத்துப்போன டிஸ்க்கை அழிக்கவும் முடியாது. வாங்கிய அன்றே மறையாக்கம் செய்திருந்தால் அதை அப்படியே கவுண்டரில் நீட்டிவிட்டுப் புதியதை வாங்கி வரலாம்.