எழுப்பாதீங்க, எழ விடுங்க: முதியோர் இல்லப் பணியாளர்களின் கேள்விகளுக்கு மறுவாழ்வு செவிலியர் பதில்

பாலக்கோடு: சிஸ்டர், பக்கவாதம் வந்த பாட்டி, இடது பக்கம் வராது. ரெண்டு பேர் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கி வீல்சேர்ல வைக்கிறோம். சரிதானே?

சரியில்லை, இன்னைக்கே நிறுத்துங்க. தளர்ந்த கையில தோள் மூட்டைப் பிடிச்சு வைக்க தசைக்கு வலு கிடையாது. அக்குள்ல தூக்கினா மூட்டு இறங்கிடும், அப்புறம் ராத்திரியெல்லாம் வலி.

வீல்சேரை அவங்க வலது பக்கம், கட்டிலுக்குச் சாய்வா போடுங்க. ரெண்டு பிரேக்கும் போட்டு, கால் தட்டை மடக்கிடுங்க. பாட்டி கட்டில் விளிம்புக்கு வரணும். பாதம் ரெண்டும் தரையில, முட்டிக்குக் கொஞ்சம் பின்னால இருக்கணும். இடுப்புல அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடிங்க. இடது முட்டி மடங்காம உங்க முட்டியால முட்டுக் கொடுங்க. "மூக்கு கால் விரலுக்கு மேல வரட்டும் பாட்டி"ன்னு முன்னால குனியச் சொல்லுங்க. இடுப்பு தானா மேல வரும். அதுக்கு முன்னாடி இழுத்தா அவங்க பின்னால சாய்வாங்க, உங்க முதுகும் போயிடும். எழுந்ததும் வலது கால்ல ஊன்றித் திரும்பட்டும்.

அரூர்: தாத்தா காலைல எழுந்ததும் கிறுகிறுத்து விழுறார்.

படுத்திருக்கும்போது பிரஷர் பாருங்க. நின்னு 1 நிமிஷத்துல, 3 நிமிஷத்துல மறுபடி பாருங்க. மேல் அளவு 20, இல்ல கீழ் அளவு 10 குறைஞ்சா, மாத்திரைச் சீட்டோட டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் எழுறதுக்கு முன்னாடி பாதத்தை 15 தடவை மேலும் கீழும் ஆட்டட்டும், கட்டில் ஓரத்துல 2 நிமிஷம் உட்காரட்டும். பாத்ரூம் போகணுமேன்னு பயந்து தண்ணி குடிக்காம இருக்காரான்னும் கேளுங்க.

காவேரிப்பட்டணம்: தடி எந்தக் கையில?

வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில. செருப்போட நின்னு கையைத் தொங்கவிட்டா, தடியோட பிடி மணிக்கட்டுக்கு நேரா வரணும்.

ஊத்தங்கரை: வலது முட்டி வலி, ஆனா வலது கைதான் பழக்கம்...

இடது கை. ஒரு வாரத்துல பழகிடும்.

ஓசூர்: வாக்கர் உயரம்?

அதே மணிக்கட்டுதான். அடியில ரப்பர் புஷ் தேய்ஞ்சிருக்கான்னு யாராவது கேட்டா சந்தோஷப்படுவேன். உயரத்தை விட அதுதான் ஆளை வழுக்கி விடுது.

பென்னாகரம்: போர் தண்ணி குடிச்சே முதுகு கட்டையாயிட்ட பெரியவர். அழுத்தி வளைச்சா சரியாகுமா?

வளைக்கவே கூடாது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கு இது முக்கியமான கேள்வி. ஒகேனக்கல் குடிநீர் 2013-லதான் வந்துச்சு. இவங்க அதுக்கு முன்னாடி பல வருஷம் ஃபுளூரைடு உப்பு கலந்த போர் தண்ணி குடிச்சவங்க. குடிநீர்ல ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினதைப் பல வருஷம் குடிச்சா தசைநார்ல சுண்ணாம்பு ஏறி மூட்டு இறுகும். எலும்பு எக்ஸ்ரேல கெட்டியா தெரியும், ஆனா நொறுங்கும். அழுத்தினா முறியும்.

இவரால முன்னால குனிய முடியாது, அதனால மேல சொன்ன மூக்குக் கணக்கு உதவாது. நாற்காலி உயரத்தை ஏத்துங்க: கைப்பிடி உள்ளதா, கெட்டியான மெத்தை போட்டு, முட்டியை விட இடுப்பு மேல இருக்கணும். திரும்பும்போது உடம்பை முறுக்காம பாதத்தைச் சின்னச் சின்னதா எடுத்து வைக்கட்டும். கால் திடீர்னு மரத்தாலோ, சிறுநீர் அடைச்சாலோ தண்டுவடம் நசுங்குதுன்னு சந்தேகப்படணும், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

தேன்கனிக்கோட்டை, மேலாளர்: விழாம இருக்க நாற்காலியோட துணியால கட்டுறோம்.

கட்டாதீங்க. வழுக்கி இறங்கினா துணி கழுத்தை இறுக்கும். கட்டிவச்ச கால் வலுவையும் இழக்கும்.

மேலாளர்: ராத்திரி 20 பேருக்கு ஒரே ஆள். வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க சிஸ்டர்.

ஆள் குறைவுன்னா நியாயம்தான். ஆனா ராத்திரி ஏன் எழுறாங்க? பெரும்பாலும் சிறுநீருக்குத்தான். 10 மணி, 2 மணி, 5 மணிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. தாழ்ந்த கட்டில், விடிவிளக்கு, பக்கத்துல கமோடு நாற்காலி.

அரூர்: கட்டிலுக்குக் கம்பி போட்டா?

குழப்பத்துல இருக்கறவங்க அதைத் தாண்டப் பார்ப்பாங்க. விழற உயரம்தான் கூடும்.

மேலாளர்: கமோடு ரெண்டு வாங்கலாம். ஆனா 2 மணிக்கு எழுப்பினா திட்டுறாங்க.

தூங்கறவரை எழுப்ப வேண்டாம்; புரண்டு படுக்கறவர்கிட்ட மட்டும் கேளுங்க.

பாப்பாரப்பட்டி: தாத்தாவை அக்குள்ல பிடிச்சுத் தூக்கும்போது எனக்கு இடுப்பு வலிக்குது...

முதல் பதிலைப் படிங்க. பெல்ட் வாங்கிட்டு வந்து மீதியைக் கேளுங்க.