சிறுவர் கால்பந்துப் பயிற்சிக்கு எடுத்துப் போகக்கூடிய மடக்குக் கோல் போஸ்ட்டை எப்படி வடிவமைப்பது?

பள்ளி மைதானத்தில் மாலைப் பயிற்சி, முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஆம்னி வேனின் மேல் கேரியரில் ஏற வேண்டும், ஐந்தாறு நிமிடத்தில் விரிக்க வேண்டும், எடை முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் முடியும். மூன்றாவதைப் பற்றித்தான் முதலில் பேசியாக வேண்டும்.

கோவை கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், ஷெட் வேலைதான் பிழைப்பு. மகன் பந்தாடப் போன குழுவுக்காக முதல் மடக்குக் கோலைச் செய்தேன். அலுமினியம், 50 மில்லிமீட்டர் பைப், மொத்தம் 11 கிலோ. ஒரே ஆள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எல்லோரும் பாராட்டினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு ஆடியில் வரும் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் ஒரு போட்டிக்காக வலையின் பின்பக்கம் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டினோம். பின்னாலிருந்து ஒரே ஒரு வீச்சுதான். கோல் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்த ஒரு பையனின் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே குறுக்காக இருக்கும் கிராஸ்பார் தரையில் அடித்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விரிப்பதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது, அதனால் உங்களுக்கு முழுதாகவே தருகிறேன். ஐந்து பேர் ஆடும் சின்னக் கால்பந்தான ஃபுட்சாலின் அளவான 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், தரையில் 1 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கோல் முன்னால் கவிழும்போது முன் கால்கள் தரையைத் தொடும் கோடுதான் அச்சு. போஸ்ட்டும் கிராஸ்பாரும் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்பதால், அவை எத்தனை கிலோ இருந்தாலும் கவிழ்வதைத் தடுக்காது. தடுப்பது பின்னால் கிடக்கும் பைப்பின் எடை மட்டும்தான். இரும்பில் செய்தால் முழுக் கோலும் சுமார் 26 கிலோ வரும். ஆனால் எடையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது வெறும் 6. அலுமினியத்தில் அது 3.

இப்போது 40 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் கிராஸ்பாரைப் பிடித்துத் தொங்கி, 30 டிகிரி வரை ஊஞ்சலாடுகிறான். பார் முன்பக்கமாக இழுபடுவது சுமார் 17 கிலோ அளவுக்கு. 2 மீட்டர் உயரத்தால் பெருக்கினால் 34. நம்மிடம் இருப்பது 6. என் ஃப்ளெக்ஸுக்கும் இதே கதிதான்: மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அந்தத் துணியை 20 கிலோவுக்கு மேல் தள்ளும், அதன் நடுப்பகுதி அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துப் பெருக்கினாலே 10, என் அலுமினியக் கோல் தாங்கியது 3.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1995-இல் நகர்த்தும் கோல்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 1979 முதல் 1994 வரை அந்த நாட்டில் குறைந்தது 21 பேர் இப்படிப்பட்ட கோல்களால் இறந்ததாக அதில் இருக்கிறது. கால்பந்து விதிகளின் முதல் விதியிலேயே, தரையோடு உறுதியாகப் பிணைக்க முடிந்தால் மட்டும்தான் நகர்த்தும் கோலைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. நம் ஊர் மைதானங்களில் அதைப் படித்துவிட்டு யாரும் கோல் வாங்குவதை நான் பார்த்ததில்லை.

அதனால் நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது: எடையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மைதானத்திலேயே எடுங்கள். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் கால்களை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மணல் நிரப்பி, பின் பைப்பின் மேல் பொதி போல இரண்டு பக்கமும் தொங்கப் போடுங்கள். ஒரு பொதி 20 கிலோ. அது 1 மீட்டர் தள்ளி இருப்பதால் கிலோவுக்குக் கிலோ அப்படியே கணக்கில் சேரும். மண் தரையில் இரண்டு பொதியும் நாலு முளையும், முளை அடிக்க முடியாத செயற்கைப் புல் டர்ஃபில் நாலு பொதி. முளைக்கு ஒரு முழ நீளமாவது இருக்கட்டும், மேல் முனையைக் கொக்கி போல வளைத்து பைப்பின் மேல் அமுக்கிப் பிடிக்கிற மாதிரி அடியுங்கள். கோடையில் இறுகிப் போன தரையில் முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வைத்தால் இறங்கும். ஆழத்தைக் குறைத்து அரை மீட்டராக்கினால் பைப் மிச்சமாகும், ஆனால் இரண்டு மடங்கு மணல் வேண்டும். அந்த மிச்சம் வேண்டாம்.

சரி, மடக்குவதற்கு வருவோம். முதலில் நான் செய்தது கதவு மாதிரி: இரண்டு பக்கச் சட்டங்களும் கீலில் திரும்பி முன் சட்டத்தின் மேல் படியும், பின் பைப் மட்டும் தனி. பார்க்க அழகு. ஆனால் அதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. பின் பைப் இல்லாமலே அது நிற்கும்! அவசரத்தில் பையன்கள் அதை வேனிலேயே விட்டுவிட்டு விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். பொதியைப் போடவும் இடமில்லை. பாதி விரித்த நிலையில் கோல் நிற்கவே கூடாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது செய்வது இப்படி. 2 மீட்டர் போஸ்ட்டின் அடியில் ஒரு கீல், அதில் 1 மீட்டர் அடிப்பைப். மடக்கினால் போஸ்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், விரித்தால் பின்னோக்கித் தரையில் படியும். போஸ்ட்டில் 1.6 மீட்டர் உயரத்தில் இன்னொரு கீலில் சாய்கம்பி தொங்கும். அந்தச் சாய்கம்பியின் கீழ் முனை அடிப்பைப்பில் நேராக மாட்டாது. பின் பைப்பின் மூலையில் உள்ள துளைக்குள் போனால்தான் பூட்டும் பின்னைச் செருக முடியும். பின் பைப் வராவிட்டால் சாய்கம்பிக்குப் பிடிமானம் இல்லை, கோல் அங்கேயே சரிந்து படுத்துவிடும், யாரும் அதில் விளையாட முடியாது. நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் திருப்தி தந்த விஷயம் இந்த ஒரு துளைதான்.

கிராஸ்பாரை நடுவில் இரண்டாக வெட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். குழந்தை தொங்குவது நடுவில், வளைவு அதிகம் வருவதும் நடுவில், அங்கேயே இணைப்பையும் வைத்தால் ஒரு பருவத்துக்குள் தொய்ந்துவிடும். மூன்று துண்டாக, ஒவ்வொன்றும் 1 மீட்டராக வெட்டுங்கள். இணைப்பு வரும் இடத்தில் வளைக்கும் விசை நடுவில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கட்டும் நீளமும் குறையும். பைப் 50 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2 மில்லிமீட்டர் கனம். உள்ளே செருகும் பைப் இணைப்புக்கு இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டராவது போக வேண்டும். இறுக்கமாகக் கடைசல் பிடித்து வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே பார் நடுவில் தொங்கும். பூட்டுவதற்கு, ஊன்றுகோலில் உயரம் மாற்ற அமுக்குவோமே, அந்த ஸ்பிரிங் பொத்தான் போதும். கூடாரக் கம்புகளில் இருப்பது போல மூன்று துண்டுக்குள்ளும் எலாஸ்டிக் கயிறு ஓடவிட்டால் எதுவும் தொலையாது. தனியாகக் கழன்று வரும் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சங்கிலி கட்டாயம்.

கீலுக்குச் சாதாரணக் கதவுக் கீல் ஆகாது. 10 மில்லிமீட்டர் போல்ட், இரண்டு பக்கமும் நைலான் வாஷர், கழலாத நைலாக் நட். கிரீஸ் போடாதீர்கள், மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். விரல் மாட்டும் இடைவெளியைக் கவனியுங்கள். குழந்தைகள் விளையாடும் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் 8 முதல் 25 மில்லிமீட்டர் வரையுள்ள இடைவெளியைத் தவிர்க்கச் சொல்கிறது. ஒன்று விரல் நுழையவே கூடாது, அல்லது தாராளமாக நுழைந்து வெளியே வர வேண்டும். பைப் முனைகளுக்கெல்லாம் மூடி, அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை.

வலைக்கு வளைந்த இரும்புக் கொக்கி வைக்கவே வைக்காதீர்கள். தாவிக் குதிக்கும் கோல்கீப்பரின் மோதிரமோ விரலோ அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2007-08 பருவத்திலிருந்தே அவற்றைத் தடை செய்துவிட்டது. வெல்க்ரோ பட்டை போதும், மலிவு, வலையும் சீக்கிரம் கழலும்.

பிவிசி பைப்பில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இடுப்பளவு கோல் என்றால் தாராளமாக. 3 மீட்டர் அகலத்துக்கு வெயிலில் தொய்யும், இரண்டு வருடத்தில் நொறுங்கத் தொடங்கும். காரில் வெயிலுக்கு மாட்டும் வட்டத் திரை போல முறுக்கி மடிக்கும் சின்னக் கோல்களும் கடையில் கிடைக்கின்றன. பாஸ் பயிற்சிக்கு அவை அருமை, விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது.

இதையே ஹாக்கிக்கும் பயன்படுத்தலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: அளவு வேறு. 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம், கீழே 46 சென்டிமீட்டர் பலகை. அந்தப் பலகை 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் 13 கிலோ வரும், அதுவும் சரியாகப் பின்னால் வரும். ஹாக்கிக் கோல் அந்த விதத்தில் நல்லது. தனியாகவே செய்யுங்கள்.

பயிற்சி முடிந்ததும் மடக்கித் தரையில் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் அதுவும் ஒரு நாள் யார் மேலாவது விழும்.

பட்டறையிலிருந்து எடுக்கும் முன், பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பொதியைப் போட்டு, முளையை அடித்து, கிராஸ்பாரின் நடுவில் கயிறு கட்டி, தராசை மாட்டி முன்பக்கமாக மட்டமாக இழுங்கள். முன் கால் நழுவாமல் ஒருவர் மிதித்துப் பிடிக்கட்டும். பின் பைப் தரையை விட்டு எழும்போது தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு பையன்கள் சேர்ந்து தொங்குவார்கள் என்று வைத்து, 35 கிலோவுக்குக் கீழே காட்டினால் நான் கோலைக் கொடுப்பதில்லை. உங்களுடையது எவ்வளவு காட்டியது என்று கீழே எழுதுங்கள், குறைந்தால் எங்கே சேர்ப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.