'அவர் குடும்பஸ்தர்' என்றால் சம்பளம் கூடுமா?

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். அந்தேரியில் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் ஆறு வருடமாக பில்லிங் பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு அதே வேலைக்கு வந்தவருக்கு 31,000, எனக்கு 24,000. கேட்டால், "அவர் குடும்பஸ்தர், உங்களுக்குத்தான் கணவர் சம்பாதிக்கிறாரே" என்கிறார் மேனேஜர். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. மேனேஜர் வாயால் சொன்னதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வரவழைக்கப் பாருங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சம ஊதியத்துக்கான சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் வர 1975 ஆனது. அதுவும் சர்வதேச மகளிர் ஆண்டில், நெருக்கடி நிலைக்கு நடுவே, அவசரச் சட்டமாக. மறு வருடம் நாடாளுமன்றச் சட்டமானது. ஊருக்குக் காட்டப் போட்ட சட்டம் என்றே எனக்குத் தோன்றும். அதற்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் உங்கள் மும்பைக்காரர்தான். மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் ஸ்டெனோகிராஃபர் ஆட்ரி டி'கோஸ்டா, ஆண் ஸ்டெனோக்களுக்கு இணையான சம்பளம் கேட்டார். யூனியனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், கொடுக்க வசதியில்லை என்றெல்லாம் கம்பெனி வாதாடியது. 1987-ல் உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை.

அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பு; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. 'ஒரே மாதிரியான வேலை' என்பதற்கு முன்பு திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவை பார்க்கப்பட்டன. இதில் 'அனுபவம்' என்ற சொல்லைப் புதிதாக நுழைத்திருக்கிறார்கள். முதலாளிகளுக்குத் திறந்துவிட்ட சந்து அது என்பது என் எண்ணம். உங்கள் விஷயத்தில் அந்தக் கம்பெனியில் சீனியர் நீங்கள் என்பதால் அந்தச் சந்தில் அவர்கள் நுழைவது எளிதல்ல.

நியமனக் கடிதம், சம்பள ஸ்லிப், இருவரும் போட்ட பில்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பதவிப் பெயர் வேறாக இருந்தாலும் கவலையில்லை, செய்யும் வேலைதான் கணக்கு. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். நகரவில்லையென்றால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் காம்கார் பவன், தொழிலாளர் ஆணையர் அலுவலகம். மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

உங்களைச் சமமாக்குகிறோம் என்று அந்த ஊழியரின் சம்பளத்தைக் குறைக்கச் சட்டம் விடாது. இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். தன் ஸ்லிப்பைக் காட்ட அவர் தயங்கினால், காரணம் அந்தப் பயமாகத்தான் இருக்கும்.