கொட்டகைக்குள் நிற்கும் விமானம்: படம் ஏன் கெடுகிறது?

கேள்வி: உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். போன விடுமுறையில் பிள்ளைகளோடு இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் போனோம். நிறையப் படம் எடுத்தும் ஒன்றும் சரிவரவில்லை. விமானத்தின் மூக்கு வீங்கித் தெரிகிறது, உடல் இருண்டு கிடக்கிறது, பின்னால் உள்ள கதவு மட்டும் பளீரென்று வெள்ளையாய் இருக்கிறது. சில படங்களில் குறுக்கே கருமையான பட்டைகள். 18-55 லென்ஸ் பூட்டிய பழைய கெனன் கமராவும் போனும்தான் கையில். ஓகஸ்ட்டில் மறுபடி போகிறோம். எங்கள் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தைப் பற்றி மகளின் பாடசாலையில் நடக்கும் கண்காட்சிக்குப் படங்கள் வேண்டும். புது லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை நின்ற இடத்தால் வந்தவை.

முதலில் மூக்கு. முழு விமானத்தையும் அடக்க வேண்டும் என்று லென்ஸை அதன் மிக அகலமான காட்சியான 18க்குத் திருப்பி, கயிற்றோரம் வரை போயிருப்பீர்கள். மிக்-17 என்ற போர் ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 11 மீட்டர் நீளம். மூக்கு உங்களுக்கு 2 மீட்டரில் இருந்தால் வால் 13 மீட்டரில் இருக்கும். ஒரே அளவான பொருள் மூக்கருகே ஆறு மடங்குக்கு மேல் பெரிதாய்ப் பதியும். அதே விமானத்தை மூக்கிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று 35இல் எடுத்தால் அந்த வித்தியாசம் இரண்டு மடங்காகக் குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற விமானம் படத்திலும் வரும். பின்னுக்குப் போவதில் இன்னொரு இலாபமும் உண்டு: அந்தத் தூரத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப் 5.6இல் வைத்தாலே மூக்கு முதல் வால் வரை தெளிவாக விழும், வெளிச்சம் குறைந்த கொட்டகையில் எஃப் 11, 16 என்று துவாரத்தைச் சுருக்கித் திண்டாட வேண்டியதில்லை. போனில் 0.5ஐத் தொடவே வேண்டாம். தள்ளி நின்று 1 அல்லது 2இல் எடுங்கள். பின்னுக்குப் போக இடமில்லையா? முழு விமானத்தை மறந்துவிட்டுப் பாதியை எடுங்கள். அரைகுறையாய் அடைத்த முழு விமானத்தைவிட, விமானி அறையும் இறக்கையின் அடியும் மட்டும் உள்ள படம் எத்தனையோ மேல்.

அடுத்தது கதவு. கொட்டகையில் உள்ள மிக நல்ல விளக்கு அந்தத் திறந்த கதவுதான், அதை உங்கள் முதுகுப்பக்கம் அல்லது தோள்பக்கம் வையுங்கள். வழியே இல்லை, கதவு விமானத்துக்குப் பின்னால்தான் விழுகிறது என்றால், இரண்டு அடி நகர்ந்து அதை உடலுக்கோ வாலுக்கோ பின்னால் மறைத்துவிடலாம். அதுவும் சரிவராவிட்டால், கெனனில் ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் தொடர்ந்து எடுக்கும் வசதி இருக்கிறது. இரண்டு நிறுத்தம் கூட, இரண்டு நிறுத்தம் குறைய என்று வைத்து (ஒரு நிறுத்தம் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது), வீட்டில் வந்து மூன்றையும் ஒரே படமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். குழல் விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்த பச்சைச் சாயலை, சுருக்கிச் சேமித்த ஜேபெக் படத்தில் சரிசெய்வது பெரிய தொல்லை.

கமராவின் வெளிச்ச அளவீட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளை விமானத்தைப் பார்த்தால் அது சாம்பலாக்கப் பார்க்கும், கரும்பச்சையைப் பார்த்தால் வெளுக்கப் பார்க்கும். முன்னதற்கு ஒரு நிறுத்தம் கூட்டுங்கள், பின்னதற்கு முக்கால் நிறுத்தம் குறையுங்கள்.

கருமையான பட்டைகளுக்குக் காரணம் விளக்குகள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் சில குழல் விளக்குகளும் எல்ஈடிகளும் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடி என்று வைத்தால் அந்த மங்கல் பட்டையாகப் பிடிபடும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், போய்விடும். வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ 1600, 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை. கண்காட்சிக்கு ஏ4 அளவில் அச்சடிக்கும்போது அதனால் வரும் புள்ளிகளை யாரும் பார்க்கப் போவதில்லை. முக்காலிக்கு அனுமதி இல்லையென்றால் கம்பத்தில் சாய்ந்து எடுங்கள்.

பிளாஷ் வேண்டாம். மூக்கு வெளுக்கும், வால் இருளுக்குள் போகும், கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும்.

லென்ஸின் முன்னால் பூட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: வண்ணம் பூசிய உடலில் படும் பளபளப்பை அது நன்றாகக் குறைக்கும், பூச்சில்லாத வெறும் உலோகத்தில் அவ்வளவாக எடுபடாது. விமானி அறையின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்றால் வானவில் நிறக் கோடுகளும் தெரியலாம். அந்தப் பிளாஸ்டிக்கை வளைத்துச் செய்ததால் வரும் கோடுகள் அவை. எனக்கு அவை பிடிக்கும், ஆனால் பாடசாலைக் கண்காட்சியில் கறை என்று நினைப்பார்கள்.

இனி எதை எடுப்பது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவிலிருந்து எழுந்தவை பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள். நூதனசாலையின் பெரும்பகுதி அதற்குப் பிந்திய கதை: 1951இல் உருவான நம் விமானப்படையின் கதை. மகளிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தலைப்பும் படமும் ஒட்டாது. தொடக்ககாலப் பயிற்சி விமானமான சிப்மங்கை எடுக்கும்போது அது வால்சக்கரத்தில் நின்று மூக்கைத் தூக்கியிருப்பதைக் கவனியுங்கள். குந்தியிருந்து முன்னால் எடுத்தால் மூக்கு இன்னும் மேலே போகும், பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து எடுத்தால் அழகு. ஜெட் புரொவோஸ்ட் என்ற பயிற்சி ஜெட்டில் இரண்டு பேரும் அருகருகே அமர்வதால் அதன் முகம் அகலம், நேர்முன்னால் எடுத்தால் தவளை மாதிரி இருக்கும். 1971 கிளர்ச்சிக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17இன் ஒவ்வோர் இறக்கையிலும் மூன்று தடுப்புத் தகடுகள், இறக்கையின் மேல் செங்குத்தாக, நிற்கும். பக்கவெளிச்சம் பட்டால்தான் அவை படத்தில் எழும்பும். ஒவ்வொரு விமானத்திலும் முதல் படம் அதன் அறிவிப்புப் பலகையாக இருக்கட்டும், வீட்டுக்கு வந்து எது எதுவென்று தடுமாறத் தேவையில்லை.

வெளியே நிற்கும் விமானங்களுக்கு மேகம் மூடிய நாள்தான் நல்லது. ஓகஸ்ட்டில் நமக்கு வெயில் கொளுத்தும், ஆனால் கொழும்புப் பக்கம் அப்போது தென்மேல் பருவக்காற்றுக் காலம், மேகத்தை எதிர்பார்க்கலாம். வெயில் என்றால் நடுப்பகலை உள்ளே கழியுங்கள். இரவெல்லாம் ஏசி வான் வண்டியில் போய் இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

இது விமானப்படையின் இடம். திறந்திருக்கும் நேரத்தையும் கமராவுக்கான விதியையும் முதலிலேயே தொலைபேசியில் கேளுங்கள். ஓடுபாதைப் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். சீனக்குடாவில் வேலிக்கு வெளியே நின்று எடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு பின்னேரம், யாராவது தெரிந்தவரின் கொட்டிலுக்குள் நிற்கும் வான் வண்டியை வைத்துப் பழகுங்கள். கதவை முதுகில் வைத்தும் முன்னால் வைத்தும், கிட்ட நின்றும் தள்ளி நின்றும் எடுத்து, மகளையே எந்தப் படம் நல்லது என்று சொல்லச் சொல்லுங்கள்.