இரண்டாம் பருவத்தில் என்ன படிக்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள்: பெற்றோர் கேள்விகளுக்கு ஆசிரியை பதில்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் அரையாண்டுத் தேர்வு வரை ஓடும் இந்தப் பருவத்தைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் பெற்றோர் கேட்டவற்றுக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். எல்லாம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டப்படி, 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு.

பாப்பா ஒண்ணாவது படிக்கிறா டீச்சர். அவளுக்கு அறிவியல், சமூக அறிவியல் புத்தகமே தரலையே? டிசம்பருக்குள்ள என்ன தெரிஞ்சிருக்கணும்? (அம்மாபேட்டை)

அம்மா, 1, 2 வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், இந்த நாலுதான். மூன்றாம் வகுப்பில்தான் சூழ்நிலையியல் போய், அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாக வரும். ஒன்றாவதுக்கு நான் வைக்கும் அளவுகோல் சிறியது. படம், மரம், பாட்டி, மீன் மாதிரியான சொற்களைக் கூட்டி வாசிக்க வேண்டும். 20 வரை எண்ணினால் போதாது. 14 என்று எழுதிக் காட்டினால் 14 புளியங்கொட்டையை எடுத்து வைக்கத் தெரிய வேண்டும். வாயால் 100 வரை ஒப்பிக்கும் பிள்ளை 14க்கு 41 எடுத்து வைத்தால், அந்த 100ஐ இப்போதைக்கு விட்டுவிட்டு 10க்கும் 20க்கும் நடுவிலேயே இருங்கள்.

என் பையன் மூணாவது. தமிழ்ல ‘அரும்பு’ நிலையில இருக்கான்னு பள்ளியில சொன்னாங்க. ஃபெயிலா டீச்சர்? (சூரமங்கலம்)

இல்லவே இல்லை. ‘அரும்பு’ என்பது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வரும் பெயர். அந்தத் திட்டம் 2022 ஜூனில் வந்தது. கொரோனா காலத்தில் எழுத்துக் கூட்டவே மறந்துபோன பிள்ளைகளுக்காக முதலில் 1 முதல் 3 வரை நடந்தது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறான் என்று காட்டும் பெயர்கள். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். பருவம் நடக்க நடக்க மேலே ஏறவும் செய்வான்.

நீங்கள் பார்க்க வேண்டியது, அவன் எந்த எழுத்தில் நிற்கிறான் என்பதை. ‘மொட்டு’ என்ற சொல்லையே எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பலர் ‘மெட்டு’ என்பார்கள். கண் இடமிருந்து வலமாகப் போகிறது; ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும், மகரத்தைச் சேர்த்து ‘மெ’ என்று வாய் முடிவு செய்துவிடுகிறது. வலப்பக்கம் நிற்கும் துணைக்கால் கணக்கிலேயே வருவதில்லை. கொ, கோ, கௌ மூன்றிலும் இதே கதைதான். ‘கௌதாரி’யில் வரும் குறி ளகரம் போலவே இருப்பதால் ‘கெளதாரி’ என்று வாசிப்பான்.

பழைய காலண்டர் அட்டையில் மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்றில் ஒற்றைக்கொம்பு, ஒன்றில் ம, ஒன்றில் துணைக்கால். முதலில் ம அட்டையை மட்டும் வைத்து ‘ம’ சொல்ல வையுங்கள். இடப்பக்கம் கொம்பை வையுங்கள், ‘மெ’. வலப்பக்கம் காலை வையுங்கள், ‘மொ’. காலை எடுத்தால் மறுபடி ‘மெ’. வைப்பதும் எடுப்பதும் அவன் கையாலேயே நடக்கட்டும். குறி நகரும்போது ஒலி மாறுவதைக் காது பிடித்துக்கொள்ளும். பிறகு ம இடத்தில் க, ப, த, ச. ஒரு நாளைக்கு 5 நிமிடம் போதும். முழுப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தால் பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிடுவான், வாசிப்பது போலவே இருக்கும். அதே சொல்லை வேறு தாளில் தனியாக எழுதிக் காட்டினால் தெரிந்துவிடும்.

நாலாவது படிக்கிற பொண்ணு ‘வன்டி’, ‘பன்து’ன்னே எழுதறா. எத்தனை தடவை இம்போசிஷன் எழுத வெச்சும் மாறல. (குகை)

இம்போசிஷனை நிறுத்துங்கள். 50 முறை எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. இதற்கு விதியே இருக்கிறது: டகரத்துக்கு முன்னால் ண், தகரத்துக்கு முன்னால் ந், றகரத்துக்கு முன்னால் ன். வண்டி, நண்டு, பந்து, சந்தை, கன்று, நன்றி. நாக்கு எங்கே தொடுகிறதோ அங்கேயே அடுத்த எழுத்தும் பிறக்கிறது, அதனால்தான் இவை இணை. ‘ண்ட, ந்த, ன்ற’ என்று மூன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

றகர ஒற்றில் இன்னொரு பிழை வரும். ‘காற்று’ என்பதைப் பேச்சில் ‘காத்து’ என்கிறோம், பாடத்தில் ‘காட்ரு’ போல ஒலிக்கிறது. பிள்ளை இரண்டில் ஒன்றை எழுதுவாள். ‘ட்ர’ போலக் காதில் விழுந்தாலும் ற்ற என்றுதான் எழுத வேண்டும், ட்ற என்று தமிழில் எழுதுவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

ல, ள, ழ மூன்றுக்கும் இப்படி விதி சொல்ல முடியாது. புலி–புளி, பல்லி–பள்ளி, கிளி–கிழி என்று பொருளோடு சோடி சோடியாகத்தான் படிய வேண்டும். லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், தொடாது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

கடன் வாங்கிக் கழிக்கறது மூணாவது பையனுக்கு வரவே மாட்டேங்குது. 52ல 27 போனா 35ங்கறான். (செவ்வாய்ப்பேட்டை)

அவன் எப்படிப் போட்டான் தெரியுமா? ஒன்று இடத்தில் 2, 7 இருக்கிறது. பெரியதிலிருந்து சின்னதைத்தானே கழிக்க வேண்டும் என்று 7ல் 2 போக 5 எழுதினான். பத்து இடத்தில் 5ல் 2 போக 3. அவனளவில் கணக்கு சரி. ஒன்றாம் வகுப்பில் ‘பெரியதிலிருந்துதான் கழிக்கணும்’ என்று நாம் சொல்லிக் கொடுத்ததுதான் இங்கே காலை வாருகிறது.

ஈர்க்குச்சி 52 எடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 5 கட்டு, 2 உதிரி. ‘இதிலிருந்து 27 எடுத்துக் கொடு’ என்று மட்டும் கேளுங்கள். உதிரியில் 7 இல்லை. கொஞ்சம் முழித்துவிட்டு அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். பிரித்ததும் 4 கட்டு, 12 உதிரி. 7 எடுத்தால் 5, 2 கட்டு எடுத்தால் 2 கட்டு. 25. இதை அவன் செய்து முடிக்கும் வரை ‘கடன்’ என்ற சொல்லையே சொல்லாதீர்கள். யாரிடமும் கடன் வாங்கவில்லை, கட்டைத்தான் பிரித்தான். ஒரு வாரம் குச்சி, அடுத்த வாரம் குச்சியோடு நோட்டில் எழுத்து, அதன் பிறகு எழுத்து மட்டும். நேராக நோட்டுக்குத் தாண்டினால் 35 திரும்பி வரும்.

நடுவில் பூச்சியம் வரும் 302 – 148க்குக் காகிதப் பணம் வெட்டுங்கள். 3 நூறு ரூபாய், 2 ஒரு ரூபாய். 148 ரூபாய் சாமானுக்குச் சரியாகச் சில்லறை கொடுக்க வேண்டும். பத்து ரூபாயே இல்லையே. ஒரு நூறை மாற்றினால் 10 பத்து. அதில் ஒரு பத்தை மாற்றினால் 10 ஒன்று. இப்போது கையில் 2 நூறு, 9 பத்து, 12 ஒன்று. கொடுத்தது போக 154. பூச்சியத்தின் மேல் 9 எப்படி வந்தது என்று எந்தப் பிள்ளையும் இதற்குப் பிறகு கேட்பதில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் வளரும் பிள்ளைக்குச் சில்லறை மாற்றுவது கண்ணில் பட்ட விஷயம்தானே.

நான் வெள்ளிக் கொலுசு பட்டறைல வேலை பார்க்கறேன் டீச்சர். பையன் அஞ்சாவது. எடைக் கணக்கு, நேரக் கணக்கு ரெண்டும் தப்பு. (சிவதாபுரம்)

ரெண்டும் ஒரே தப்புதான் தம்பி. 1 கிலோ 50 கிராமை 150 கிராம் என்று எழுதுகிறான் இல்லையா? 1ஐயும் 50ஐயும் பக்கத்தில் ஒட்டிவிடுகிறான். 1 கிலோ என்றால் 1000 கிராம், கூட 50, ஆக 1050. தினமும் தராசு பார்க்கும் உங்கள் கை இதைச் சொன்னால் என்னைவிட நன்றாகப் பதியும்.

நேரத்தில், 9.50க்குக் கிளம்பிய பஸ் 10.35க்குப் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டால், சாதாரணக் கழித்தலாகப் போட்டு 85 நிமிடம் என்பான். மணிக்கு 60தான், 100 இல்லை. கழிக்கவே விடாதீர்கள். 9.50லிருந்து 10 மணிக்கு 10 நிமிடம், 10லிருந்து 10.35க்கு 35, ஆக 45 என்று முன்னோக்கி எண்ணச் சொல்லுங்கள்.

ஐந்தாவதில் பெருக்கல் வகுத்தலையும் பாருங்கள். 23 × 14ல் முதல் வரி 92, இரண்டாம் வரி 230 வர வேண்டும். பூச்சியத்தை விட்டு 23 எழுதிக் கூட்டினால் 115. விடை வந்ததும் ‘20 × 14 எவ்வளவு?’ என்று கேளுங்கள். 280. அப்படியிருக்க 115 எப்படிச் சரியாகும்? சரியான விடை 322. வகுத்தலில் 612 ÷ 6க்கு 12 என்பார்கள், நடுப் பூச்சியம் காணாமல் போகும். 12 × 6 = 72 என்று திருப்பிப் பெருக்கிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

நவம்பர் வந்தா நாங்க ரெண்டு பேரும் காப்பிப் பழம் பறிக்கப் போயிருவோம். வீட்ல பாட்டி மட்டும்தான், அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டாவது படிக்கிற புள்ளைய யாரு பார்க்கறது? (நாகலூர், ஏற்காடு)

பாட்டி போதும் அம்மா, எழுத்து தெரியாவிட்டாலும். பிள்ளை எழுத்தின் மேல் விரல் வைத்துச் சத்தமாக வாசிக்கட்டும், பாட்டி அந்த விரலைப் பார்க்கட்டும். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால் ஆசிரியருக்கு அதைவிட நல்ல தகவல் கிடைக்காது. வாசித்து முடித்ததும் ‘என்னடா கதை, எனக்குச் சொல்லு’ என்று பாட்டி கேட்க வேண்டும். எழுத்தைக் கூட்டிவிட்டுப் பொருளை விட்டுவிடும் பிள்ளை அங்கே மாட்டிக்கொள்வான்.

கணக்குக்குப் பாட்டியின் படியும் ஆழாக்கும் இருக்கின்றன. எத்தனை ஆழாக்கு ஒரு படி என்று முதலில் ஊகிக்கட்டும், பிறகு அளந்து பார்க்கட்டும். ஒரே அளவையால், தலைதட்டி அளக்க வேண்டும். கும்பாரமாக ஒன்று, குறைச்சலாக ஒன்று அளந்தால் எண்ணிக்கை மாறிவிடும். அளத்தல் பாடத்தில் ரெண்டாவது படிக்கும் பிள்ளை கற்க வேண்டியதே அதுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பறிப்புக் காலத்தில் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். கணக்கில் பத்து நாள் விட்டால், அடுத்த பாடம் அந்தப் பத்து நாளின் மேல்தான் நிற்கும்.

பொண்ணு இங்கிலீஷ்ல சி-ஏ-டி கேட்னு எழுத்தெல்லாம் சொல்றா, புது வார்த்தை வந்தா நின்னுடறா. (கொண்டலாம்பட்டி)

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ‘ம’வை ‘ம’ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘சி, ஏ, டி’ என்ற மூன்று பெயர்களைச் சேர்த்தால் ‘கேட்’ வராது. ‘க், ஏ, ட்’ என்று ஒலியைச் சொல்லிச் சேர்த்தால் வரும். 3, 4 வகுப்பிலும் பெயரிலேயே நிற்கிற பிள்ளைகள் சொற்களைப் படம் போல மனப்பாடம் செய்கிறார்கள், புதுச் சொல்லுக்குப் படம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்றெழுத்துச் சொல் 5, ஒலியாக மட்டும். ‘புக்கு, பஸ்ஸு’ என்று வால் சேர்த்து உச்சரித்தால் எழுதும்போதும் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்துவிடுவாள், அதையும் கவனியுங்கள்.

பயறு முளைக்க வைக்கச் சொன்னாங்க. எங்களுது அழுகி நாத்தம் வந்துருச்சு. (ஏற்காடு)

தண்ணீரில் மூழ்கடித்திருப்பீர்கள். விதைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். பச்சைப்பயறு 30 எடுத்து, மூன்று டம்ளரில் பத்துப் பத்தாகப் போடுங்கள். ஒன்றில் நனைக்காத துணியில், ஒன்றில் பிழிந்த ஈரத்துணியில், ஒன்றில் மூழ்கும் அளவு தண்ணீரில். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒன்று சன்னலோரம், ஒன்று அடுப்படி என்றால் எதனால் முளைத்தது என்று சொல்ல முடியாது. மலையில் குளிருக்கு ஒருநாள் கூடுதலாக ஆகும், பயப்படாதீர்கள். முளையை அளக்கும்போது அளவுகோலின் விளிம்பிலிருந்து இல்லாமல் பூச்சியக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். இந்த இடத்தில் தவறாத வகுப்பு கிடையாது.

வடக்கு எதுன்னு கேட்டா மேலன்னு கையத் தூக்கறான். ஏற்காடு வடக்கே, ஏன்னா மேல இருக்குதாம்! (அஸ்தம்பட்டி)

விடை சரி, காரணம்தான் தப்பு. ஏற்காடு சேலத்துக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆனால் மேற்கே கஞ்சமலையும் மலைதான், தெற்கே ஜருகுமலையும் மலைதான். கொல்லிமலையோ நாமக்கல் மாவட்டத்தில், தென்கிழக்கே இருக்கிறது. இந்தப் பெயர்களை வைத்துக் கேட்டாலே ‘மேலே’ என்பது உடைந்துவிடும். காலையில் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் சூரியனைப் பார்த்து நிற்க வையுங்கள். முன்னால் கிழக்கு, இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு. மாவட்ட வரைபடத்தைச் சுவரில் மாட்டாமல் தரையில் விரித்து, வடக்கு அம்புக்குறியை இடக்கைப் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு மேட்டூர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

தாத்தா காலத்து மாவட்டப் படம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். 1965ல் தருமபுரியும் 1997ல் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தன. எல்லைக்கோடு மனிதர் போட்டது, மாறும். மலையும் ஆறும் அங்கேயே இருக்கும். 4, 5 வகுப்புப் பிள்ளைகள் இரண்டு படத்தையும் ஒப்பிட்டு ஆர்வமாகப் பேசுவார்கள்.

தினமும் எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்? (ஓமலூர்)

1, 2க்கு 20 நிமிடம். 3 முதல் 5 வரை அரை மணியிலிருந்து முக்கால் மணி, இடையில் ஒருமுறை எழுந்து போக விட்டு. சாப்பிட்டுத் தூக்கம் சொக்கும்போது வேண்டாம். பள்ளி விட்டு வந்து, ஏதாவது கொறித்து, கொஞ்சம் விளையாடிய பிறகு உட்காரட்டும். வாசிப்பு தினமும் இருக்கட்டும், கணக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும்.